எங்கன இருப்பீய?

எங்கள் தெருவில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. என் போனில் ‘லைன் அண்ணாச்சி’ என்று இருக்கிறது. எதிர்வீட்டு டீச்சர் போனில் வெறும் ‘கேபிள்’. என் மாமனார் போனில் ‘தாடி’. அவருக்குத் தாடியே கிடையாது. மாமா அவரை முதன்முதலில் பார்த்தபோது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தாராம். அந்த ஒரு மாதத் தாடியை வைத்து மாமா பத்து வருஷமாக அவரைத் ‘தாடி’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் வழவழவென்று மழித்த முகத்தோடு “சொல்லுங்கய்யா” என்று வந்து நிற்பார்.

பாளையங்கோட்டையில் எங்கள் பக்கம் ஐந்தாறு தெருவுக்குக் கேபிள் டிவி லைனை அவர்தான் பார்த்துவந்தார். பிறகு அதே கறுப்பு வயரில் இன்டர்நெட்டும் வர ஆரம்பித்தது. அப்போதும் ஒரு மஞ்சள் பையில் மோடத்தையும் ரூட்டரையும் போட்டுக்கொண்டு, ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தவர் அவர்தான். ராதாபுரம் பக்கத்து ஆள். ஒல்லி. காபிக்குக் கருப்பட்டி போட்டிருந்தால் இரண்டு டம்ளர் குடிப்பார், சீனி போட்டிருந்தால் ‘இப்பத்தான் குடிச்சேன்’ என்பார்.

மற்ற இடங்களில் வயர் போட வருகிறவன் என்ன செய்வான்? பிளக் எங்கே இருக்கிறது என்று பார்ப்பான், வாசல் பக்கத்திலேயே ஒரு ஓட்டையைப் போடுவான், டப்பா இரண்டையும் ஆணியில் தொங்கவிடுவான், பச்சை விளக்கு எரிந்ததும் போய்க்கொண்டே இருப்பான். இவர் அப்படி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்.

“நீங்க எங்கன இருப்பீய?”

கேட்டவர்களுக்கு முதலில் புரியாது. “எங்கன இருப்போம்? வீட்லதான் இருப்போம்” என்பார்கள். “அது சரி, வீட்டுக்குள்ள எங்கன இருப்பீய?” என்பார். பதிலை வாங்கிக்கொள்வாரே தவிர முழுதாக நம்பமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பைய ஒரு சுற்று வருவார். சுவரில் எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து கறுத்த இடத்தைப் பார்ப்பார். நாற்காலியின் பிளாஸ்டிக் பட்டை எதில் அதிகம் தொய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். காபி டம்ளரின் வட்டம், மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி படித்துக் கவிழ்த்த பேப்பர் எல்லாவற்றையும் பார்ப்பார். அந்தச் சுற்று முடிந்த பிறகுதான் டிரில் மிஷினை வெளியே எடுப்பார்.

“மிஷினுக்கு எடம் பாக்கப்பிடாது. மனுசனுக்கு எடம் பாத்தா மிஷினுக்கு எடம் தன்னால வந்திரும்” என்பார்.

இதை எல்லோரும் ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. முக்குக் கடையில் ஒருவர் அவரை மடக்கி, “நீரு வயர் போட வாரீரா, வீட்டை நோட்டம் பாக்க வாரீரா, வே?” என்று கேட்டதை நானே என் காதால் கேட்டேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. “நோட்டம் பாத்துத்தான் வே வயர் போடணும்” என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

எதிர்வீட்டு டீச்சர் கதை எங்கள் தெருவில் பிரசித்தம். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயரானவர், தனியாக இருக்கிறார், மகள் கனடாவில். இன்டர்நெட் லைன் அண்ணாச்சி கைக்கு வருவதற்கு முன்னாலேயே வேறு யாரோ வந்து ஹாலில் ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வாரம் நன்றாக வேலை செய்தது. அப்புறம் சிக்னலே எடுக்கவில்லை. டீச்சர் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

அண்ணாச்சி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். ரூட்டரைக் காணோம்.

“டப்பா எங்க டீச்சரம்மா?”

டீச்சர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஸ்டீல் பீரோவைத் திறந்தார். உள்ளே பட்டுச்சேலைகளுக்கும் அந்துருண்டைக்கும் நடுவில், டீச்சர் கையாலேயே பின்னிய வெள்ளைக் குரோஷா உறையைப் போட்டுக்கொண்டு ரூட்டர் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஆன்டெனாக் கொம்புக்கும் அளவெடுத்து இரண்டு ஓட்டை விட்டிருந்தார். வயர் போவதற்காகப் பீரோவின் முதுகில் கொல்லரைக் கூப்பிட்டு ஒரு துளையும் போட்டிருந்தார்.

“வெலையுள்ள சாமான்லா அண்ணாச்சி? வெளிய வச்சா யாராவது கைய வச்சிருவாங்கன்னு உள்ள வச்சுப் பூட்டிட்டேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைத்தால் அது எங்கே வெளியே வரும்? அண்ணாச்சி சிரிக்கவே இல்லை. உறையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல வேலப்பாடு. இத டிவி மேல போடுங்க. டப்பாவுக்குப் போட்டா வேர்க்கும். சரி, பொழுதன்னைக்கும் நீங்க எங்கன இருப்பீய?”

“ஹால்லதான். சோபாவுல.”

அண்ணாச்சி சோபாவைப் பார்த்தார். கடையிலிருந்து வந்த பாலித்தீன் இன்னும் பிரிக்கப்படாமல் பளபளவென்று இருந்தது. நேரே பின்கட்டுக்கு நடந்தார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி, அதன்மேல் தலையணை, பாட்டுப் புத்தகம், கண்ணாடிக் கூடு, ஒரு கிண்ணத்தில் மீதிப் பொரிகடலை.

“இங்கனல்லா இருக்கீய!”

டீச்சர் திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரிச் சிரித்தார். இருபது வருஷத்துக்கு மேலாக எதிர்வீட்டில் இருக்கிறேன், டீச்சர் பகலெல்லாம் துவைகல் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ரூட்டர் பின்சன்னலுக்கு வந்தது. அன்று முதல் கனடாப் பேரனுக்குக் கறிவேப்பிலை மரமும் அதில் வருகிற அணிலும் நன்றாகத் தெரிகிறது.

அவரிடம் இன்னொரு குணம் இருந்தது. பார்த்ததை வெளியே சொல்லமாட்டார். வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மகன் மொட்டைமாடியில் எதற்காக நிற்கிறான் என்பதெல்லாம் அந்த ஒரு சுற்றிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தெருக்கோடி வீட்டில் புருஷன் கீழே, பெண்டாட்டி மாடியில் என்று வருஷக்கணக்காக இருந்தார்கள். ஆளுக்கொரு டப்பா கேட்டார்களாம். அண்ணாச்சி ஒன்று போதும் என்று சொல்லி, மாடிப்படி திரும்புகிற இடத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். சிக்னல் நன்றாக எடுப்பது படியில்தான் என்பதால், சாயங்காலம் மேல்படியில் அந்த அம்மாவும் கீழ்ப்படியில் புருஷனும் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்ப்பார்களாம். அந்த அம்மாவேதான் என்னிடம் சொன்னார்.

“ஏன் அண்ணாச்சி, படியில கொண்டுபோய் வச்சீய?” என்று நான் வாயைக் கிண்டிப் பார்த்தேன்.

“ரெண்டு பக்கமும் எடுக்கணும்லா தாயி” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

இப்படித் தெருவுக்கே நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்கிற நான், என் வீட்டுக்கு அவர் வந்தபோது என்ன பாடுபட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் பி.எட். படித்தவள். கல்யாணம், பிள்ளை, மாமியார் படுக்கை, மாமா மருந்து என்று இருபத்திரண்டு வருஷம் அந்தச் சர்டிபிகேட் பீரோவில் அந்துருண்டையோடு கிடந்தது. நாற்பத்தாறு வயதில், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இன்டர்நெட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஒரு கம்பெனிக்கு யாருக்கும் தெரியாமல் எழுதிப்போட்டேன். கூப்பிட்டுவிட்டார்கள்! சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்துக்காட்ட வேண்டும், கம்பெனி அம்மா ஒருத்தர் கூடவே இருந்து பார்ப்பார். லைன் அறுந்தாலோ பின்னால் வீட்டுச் சத்தம் கேட்டாலோ இன்னொரு தடவை கிடையாது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டில் சொல்லி, அண்ணாச்சியிடம் இன்டர்நெட் லைன் கேட்டேன்.

புதன்கிழமை அண்ணாச்சி வந்தார். வழக்கம்போல “எங்கன இருப்பீய?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

மாமா, “ஹால்ல டிவிக்குப் பக்கத்துல ஷோகேஸ்ல வையும் வே. நாலு பேரு வந்தா பாக்கட்டும்” என்றார். என் வீட்டுக்காரர், “பெட்ரூம்ல வச்சிருங்க அண்ணாச்சி, ராத்திரி நியூஸ் பாக்கணும்” என்றார். மகன் மாடியிலிருந்து, “மேல வைங்க, எனக்குக் காலேஜ் க்ளாஸ் இருக்கு” என்று கத்தினான். கடைசியில் மூன்று பேருமே, “பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கப் போறால்லா, இவளுக்காகத்தான் லைனே இழுக்கோம்” என்று முடித்தார்கள்.

“லைன் அம்மாவுக்கா?” என்றார் அண்ணாச்சி. “அப்ப அம்மாதான சொல்லணும். நீங்க எங்கன இருப்பீய?”

நான் ஒவ்வோர் அறையாக மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஹால் மாமாவுடையது. கட்டிலில் ஒரு பாதி, துவைத்த துணிக்கு; மறுபாதி என் வீட்டுக்காரருக்கு. மாடி மகனுடையது.

“நானா? நான் எங்கனயும் இருப்பேன்” என்று சிரித்து மழுப்பினேன்.

“எங்கனயும் இருந்தா எங்கனயும் எடுக்காது தாயி” என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றக் கிளம்பினார்.

அவர் பின்னாலேயே போனேன். மாமாவின் தலை பட்டுக் கறுத்த சுவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் தலையணையை, மகனின் இயர்போனைப் பார்த்தார். என் தடயம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். அரிசி டிரம்மின் மூடியில் என் மூக்குக்கண்ணாடி. கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே நான் செருகி வைத்திருந்த நோட்டு, பேனாவோடு. மிக்ஸி பிளக்கில் என் போன் சார்ஜர்.

“இங்கனயா?” என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டாரே என்று ஆத்திரம் வேறு. “ஆமா, இங்கனதான். இங்கனயே ஓட்டையைப் போடுங்க, மாட்டுங்க, போங்க” என்றேன்.

“பிள்ளைக்கு ‘அம்மா, ஆடு’ன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போது குக்கர் விசில் அடிச்சா என்ன செய்வீய?”

“குக்கரை எறக்கி வச்சிருவேன்.”

“அப்ப மறுநாளு?” என்றவர் டிரில் மிஷினைப் பைக்குள் போட்டுவிட்டார். “சுவத்துல போட்ட ஓட்டை போட்டதுதான் தாயி. யோசிச்சு வைங்க. நாளைக்குக் காலையில வாரேன்.”

வயர்ச் சுருளைச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டுப் போயே போய்விட்டார். “ஒரு ஓட்டை போட இம்புட்டுப் பிகுவா? வேற ஆளப் பாப்போம்” என்றார் என் வீட்டுக்காரர். நானும் என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. இந்த மனுஷன் என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாரே என்றுதான் நினைத்தேன்.

திட்டி முடித்ததும் அந்தக் கேள்வி மட்டும் மிஞ்சியது. சாயங்காலம் காபி கொடுத்து முடித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன். ஹாலில் போட்டு உட்கார்ந்தேன். மாமா, “மறைக்குது, கொஞ்சம் தள்ளிக்கோம்மா” என்றார். பெட்ரூமில் போட்டேன். “என்னளா இது, நாற்காலியத் தூக்கிட்டு அலையுத?” என்றார் வீட்டுக்காரர். மாடிக்குப் போனேன். “யம்மா, என்ன வேணும்?” என்றான் மகன். ஒன்றும் வேண்டாம், உட்கார வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

பின்கட்டுக்குப் போகிற வழியில் ஒரு சாமான் அறை உண்டு. அண்டா, குண்டா, புளிப் பானை, கால் ஒடிந்த கட்டில், மாமாவின் பழைய சைக்கிள் எல்லாம் அதற்குள். கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு சன்னல், எத்தனையோ வருஷமாகச் சாத்தியே கிடந்தது. இடித்துத் தள்ளித் திறந்தால், சந்துப் பக்கத்து முருங்கையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. காற்றும் வந்தது. அண்டாவுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் ‘தள்ளிக்கோ’ என்று சொல்லவில்லை.

வெளியே வந்து, “எனக்கு அந்த ரூம் வேணும்” என்றேன்.

“அரமணி நேரக் க்ளாஸுக்கு ஒரு ரூமா?” என்றார் வீட்டுக்காரர்.

“அரமணி நேரத்துக்கு இல்ல. எப்பவும் வேணும்.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். சும்மா சொன்னதால் மனுஷன் போய் அண்டாவைத் தூக்க ஆரம்பித்தார். மாமாதான் விடவில்லை. “சைக்கிள எங்க போடுவ? அது ஓடுத வண்டி!” அந்த வண்டி பதினைந்து வருஷமாக ஓடவில்லை. டயரே கிடையாது. ஆனால் மாமா அதில்தான் ஆபீஸ் போய், அதில்தான் என் மாமியாரை முன்கம்பியில் வைத்துக் கொக்கிரகுளம் வரைக்கும் ஆற்றுக்குக் கூட்டிப்போனவர். சரி, சைக்கிள் மட்டும் சுவரோரமாக நிற்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமை அண்ணாச்சி வந்து அறையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். “ம்” என்றார். அவ்வளவுதான் அவர் பாராட்டு. டிரில் எடுத்து ஒரே அழுத்து, ஓட்டை விழுந்தது. தெரு வயரை உள்ளே இழுத்து மோடத்தில் திருகினார். மோடத்திலிருந்து ரூட்டருக்கு ஒரு சின்ன வயர்.

“நல்லா கேட்டுக்கிடுங்க. எப்பம் கொழறுபடி ஆனாலும் ரெண்டையும் அணைச்சிருங்க. மொதல்ல மோடத்தைப் போடுங்க. அது பைய முழிக்கும், ரெண்டு நிமிசம் ஆகும். விளக்கு நிலையா நின்ன பொறவுதான் ரூட்டரைப் போடணும். அவசரப்பட்டீயன்னா ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிடாம முழிச்சிட்டு நிக்கும்.”

சனிக்கிழமை நான்கு மணிக்கே நல்ல சேலை கட்டிக்கொண்டு தயாரானேன். மோடம், ரூட்டர், போன் எல்லாம் சரியாக இருந்தன. நாலரைக்கு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால், ரூட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, கொம்பில் மல்லிகைச் சரத்தோடு நிற்கிறது. மோடத்துக்கும் ஒரு பொட்டு. பக்கத்தில் மாமா, கையில் ஈரத்துணி, சந்தனக் கிண்ணம்.

“புது மிஷின்லாம்மா. பொட்டு வைக்காம வேலையத் தொடங்கப்பிடாதுன்னு நாந்தான். தூசியா இருந்துது, ஒயரையெல்லாம் கழத்தி நல்லா தொடச்சு, திரும்ப மாட்டிட்டேன்” என்றார் பெருமையாக.

சைக்கிளுக்காகச் சண்டை போட்ட குற்றவுணர்ச்சி போலிருக்கிறது, பாவம். விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது. போனை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி நாலு நாற்பத்தெட்டு.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “அண்ணாச்சி, போச்சு! மாமா ஒயரையெல்லாம் கழத்திட்டாங்க, ஒண்ணும் எடுக்கல, அஞ்சு மணிக்கு க்ளாஸ்...”

அவர் சமாதானபுரத்தில் ஏதோ ஒரு கம்பத்தில் ஏறி நின்றார். காற்றுச் சத்தம் கேட்டது.

“இப்ப நீங்க எங்கன இருக்கீய?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நேரத்திலுமா இந்தக் கேள்வி? “எங்கன இருப்பேன்? என் ரூம்லதான் இருக்கேன்!” என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது. மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“நல்லது. நாற்காலியில உக்காருங்க. உக்காந்துட்டீயளா? ரூட்டருக்குப் பொறத்தால பாருங்க. நாலு ஓட்டை ஒரே கலர்ல இருக்கும், ஒண்ணு மட்டும் வேற கலர்ல இருக்கும். மோடத்துல இருந்து வார வயரு எதுல இருக்கு?”

பார்த்தேன். “நாலுல ஒண்ணுல இருக்கு.”

“அதான். புடுங்கி அந்த ஒத்தைக் கலர்ல சொருகுங்க. ரெண்டையும் அணைங்க. மோடத்தைப் போடுங்க. ரெண்டு நிமிசம் மூச்சு விடுங்க.”

அந்த இரண்டு நிமிஷம் மாதிரி நீளமான நேரத்தை நான் பிரசவத்தில்தான் பார்த்திருக்கிறேன். மாமா வாசற்படியில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். “நான் என்னம்மா செஞ்சேன், பொட்டுதான வச்சேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அண்ணாச்சியும் போனை வைக்காமல் கம்பத்தின் மேலேயே காத்திருந்தார். மோடம் விளக்குகள் ஒவ்வொன்றாக முழித்து, நிலையாக நின்றன. ரூட்டரைப் போட்டேன். வட்டம் சுற்றுவது நின்றது.

“எடுத்துட்டு அண்ணாச்சி!”

“போங்க, பிள்ளைக்குச் சொல்லிக்குடுங்க” என்று வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்குத் திரையில் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வந்தது, பக்கத்துக் கட்டத்தில் சிரிக்காத கம்பெனி அம்மா. நான் எழுதிவைத்திருந்த பாடம் முழுக்க மறந்துபோயிற்று. அந்தப் பிள்ளையோ என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் பார்த்து, மழலைத் தமிழில் கேட்டது:

“அது என்ன? சைக்கிளா? ஏன் வீட்டுக்குள்ள இருக்கு?”

“அது எங்க மாமாவோட சைக்கிள்” என்றேன். அவ்வளவுதான், பாடம் தானாக வந்துவிட்டது. சக்கரம், கம்பி, மிதி, மணி. “மணி அடிக்குமா?” என்றது பிள்ளை. நான் வாசலைப் பார்த்தேன். மாமா இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். சத்தம் வரக் கூடாது என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார். கையைக் காட்டினேன். அவர் உள்ளே வந்து, சந்தனம் ஒட்டிய விரலால் மணியை அழுத்தினார். பதினைந்து வருஷம் கழித்து அது ‘கிணிங்’ என்றது. பிள்ளை கைதட்டியது. கம்பெனி அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

வேலை கிடைத்துவிட்டது. இப்போது பதினோரு பிள்ளைகள். எல்லாருக்கும் அந்தச் சைக்கிளைத் தெரியும், மணி அடிக்கிற தாத்தாவையும் தெரியும். என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் எண்ணெய்க் கறை விழ ஆரம்பித்திருக்கிறது. அதை நான் வெள்ளையடிக்க விடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அண்ணாச்சி ஏணியில்லாமல் வந்தார். முழங்கால் ஏறவிடவில்லையாம், லைனை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டாராம். வீட்டம்மா போய்ச்சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருந்தார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். இத்தனை வீட்டைச் சுற்றிப் பார்த்த மனுஷனின் வீட்டை நாங்கள் ஒருத்தரும் போய்ப் பார்த்ததில்லை. நாகர்கோவிலில் மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். கருப்பட்டிக் காபி கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டேன்: “மக வீட்ல நீங்க எங்கன இருப்பீய அண்ணாச்சி?”

அவர் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நானா? நான்...” என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். “எங்கனயாவது இருந்துக்கிடுவேன் தாயி.”

“எங்கனயாவது இருந்தா எங்கனயும் எடுக்காது” என்றேன். “போன ஒடனே மககிட்ட கேட்டு வாங்குங்க. வெக்கப்படாதீய. நான் கேட்டுத்தான் வாங்கினேன்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். ஒரு மாதம் சத்தமே இல்லை. கேட்டிருக்கமாட்டார், கூச்சப்பட்டுக்கொண்டு ஏதாவது ஒரு மூலையில் ஒண்டியிருப்பார் என்று நினைத்து நினைத்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒருநாள் க்ளாஸ் முடிந்து நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப்போனேன். போன் அடித்தது. ‘லைன் அண்ணாச்சி’, அதுவும் வீடியோவில்.

எடுத்தால், முதலில் தெரிந்தது அவர் முகம் இல்லை. ஒரு சன்னல், வெளியே ஒரு தென்னை, கீழே ஆட்கள் நடக்கிற ரோடு. போன் பைய உள்ளே திரும்பியது. ஒரு சாய்வு நாற்காலி. அதன் கைப்பிடியில் கண்ணாடிக் கூடு. பக்கத்து முக்காலியில் காபி டம்ளர், அதற்குக் கீழே ஏற்கெனவே இரண்டு மூன்று வட்டம்.

கடைசியில்தான் அவர் முகம் வந்தது. தாடி வைத்திருந்தார்.

“இங்கனதான் தாயி” என்றார். “நல்லா எடுக்கு.”